எல்லைப்புற மாணவரும் மருத்துவக் கல்விச் சேர்க்கையும்: தளி வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவக் கல்லூரியில் இடம்பெறுவது தமிழகத்தில் மதிப்பெண் சார்ந்த போட்டியாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. எந்த ஊரிலிருந்து, எந்தப் பள்ளியிலிருந்து, எந்த மொழியில் அப்போட்டிக்குள் நுழைகிறோம் என்பதும் முடிவைத் தீர்மானிக்கும் காரணிகளாகும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கர்நாடக எல்லையோரத்திலுள்ள தளி வட்டாரத்தைக் களமாகக் கொண்டு, மருத்துவச் சேர்க்கை விதிகள் இடம், பள்ளி, மொழி ஆகிய மூன்றையும் எவ்வாறு கையாளுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மாவட்டவாரி ஒதுக்கீடு சட்டத்தால் இயலாமற்போன சூழலில் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு அதன் பணியை ஓரளவு ஏற்றுச் செய்கிறது என்பதும், மொழி சார்ந்த தடைகளை அது தொடவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: மருத்துவச் சேர்க்கை, நீட், 7.5 விழுக்காடு, தளி, மொழிச் சிறுபான்மையினர், பயிற்றுமொழி, எல்லைப்பகுதி.

முன்னுரை

தளி, தேன்கனிக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த ஊர். ஓசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் மேட்டுநிலத்தில் அமைந்தது. குளிர்ந்த தட்பவெப்பம் கருதி ஆங்கிலேயர் இதனைக் 'குட்டி இங்கிலாந்து' என அழைத்தனர் என்பது வட்டாரத்தார் பெருமையுடன் கூறும் செய்தி. இந்திய-இசுரேல் கூட்டுத் திட்டத்தின்கீழ் கொய்மலர் மகத்துவ மையம் இங்கு அமைந்ததற்கும் அத்தட்பவெப்பமே காரணம். வடக்கே ஓசூரின் சிப்காட் தொழிற்பேட்டைகள். தெற்கே சவளகிரிக் காடுகள். மேற்கே கர்நாடகத்தின் ஆனேக்கல் வட்டம். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியைவிடப் பெங்களூரு அண்மையில் இருப்பது இவ்வட்டாரத்தின் தனித்தன்மை. வேலை, சந்தை, மருத்துவம் ஆகிய மூன்றிற்கும் மக்கள் எல்லையைக் கடந்து சென்று திரும்புகின்றனர்.

1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது ஓசூர்ப் பகுதி சென்னை மாநிலத்திலேயே நின்றது. சேலம் மாவட்டத்திலிருந்து 1965-இல் தருமபுரியும், தருமபுரியிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரியும் தனி மாவட்டங்களாயின. எல்லைகள் மாறினாலும் வீட்டுமொழிகள் மாறவில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவை இன்றும் இங்கு வழக்கில் உள்ளன. மலையடிவாரச் சிற்றூர்களில் இருளர் குடியிருப்புகளும் உண்டு. மருத்துவச் சேர்க்கை விதிகள் ஒரு மாநிலம், ஒரு பாடத்திட்டம், ஒரு மொழி என்ற கற்பனையின் மீது எழுதப்பட்டவை. அக்கற்பனை மிகக் குறைவாகப் பொருந்தும் இடங்களுள் ஒன்று என்பதனாலேயே தளி இக்கட்டுரைக்குக் களமாயிற்று.

மாவட்டத்தில் கல்லூரி, மாவட்டத்திற்கு இடமில்லை

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று, தமிழகத்தின் வேறு பத்து புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுடன் திறந்துவைக்கப்பட்டது. பதினொரு கல்லூரிகளுக்கும் சேர்த்து 1450 இடங்கள்; அவற்றுள் கிருஷ்ணகிரிக்கு 150. மாவட்டத்தில் கல்லூரி வந்தமையால் மாவட்டப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்று பொதுமக்கள் எண்ணுவது இயல்பே. ஆனால் விதி அவ்வாறு இல்லை. 150-இல் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டிற்குச் செல்கிறது. எஞ்சிய ஏறத்தாழ 127 இடங்களும் மாநிலம் முழுமைக்குமான பொதுத் தொகுப்பில் சேர்கின்றன. கலந்தாய்வில் கன்னியாகுமரி மாணவரும் தளி மாணவரும் அவ்விடங்களுக்கு ஒரே தரவரிசையில் நிற்பர். மாவட்டத்திற்குக் கிடைத்தது மருத்துவமனையும் அதன் சிறப்புப் பிரிவுகளும், கல்லூரி இருக்கைகளல்ல.

மாவட்டவாரியாக ஏன் ஒதுக்கவில்லை என்ற வினாவிற்கு விடை தமிழகத்தின் சொந்த வழக்கு வரலாற்றிலேயே இருக்கிறது. சென்னை மாநில அரசு மருத்துவ இடங்களை மாவட்டங்களின் மக்கள்தொகை விகிதப்படி பகிர்ந்தளிக்க ஒருகாலத்தில் முனைந்தது. பி. இராசேந்திரன் எதிர் சென்னை மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-இல் அம்முறையை அரசமைப்பின் 14-ஆம் உறுப்புக்கு முரணானது எனக் கூறித் தள்ளியது. ஒரு மாவட்டத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றவர் சேர, வேறு மாவட்டத்தில் கூடுதல் மதிப்பெண் பெற்றவர் விடுபடுவார் என்பதே காரணம். கல்லூரிகளை அலகுகளாகப் பிரித்துச் சேர்க்கை நடத்தும் முறையும் பெரியகருப்பன் வழக்கில் அவ்வாறே நீக்கப்பட்டது. 1951-இன் செண்பகம் துரைராசன் வழக்கை அறிந்த அளவிற்கு நம் கல்வியாளர்கள் இவ்விரு வழக்குகளையும் அறிந்திருக்கவில்லை என்றே தோன்றுகிறது. சேர்க்கையில் வகுப்பு பற்றிய விவாதம் பெருகிய அளவிற்கு இடம் பற்றிய விவாதம் பெருகாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

உத்தரப் பிரதேச அரசு எதிர் பிரதீப் தாண்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974-இல் மேலும் ஒரு வேறுபாட்டைக் காட்டியது. கிராமப்புறத்தார்க்கு மருத்துவ இடங்களை ஒதுக்கியது செல்லாது. மலைப்பகுதியினர்க்கும் உத்தராகண்டப் பகுதியினர்க்கும் ஒதுக்கியது செல்லும் என்பது அத்தீர்ப்பு. நாட்டு மக்களிற் பெரும்பாலோர் கிராமத்தார் என்பதால் கிராமம் என்பது பின்தங்கிய நிலைக்குத் தனி அடையாளமாகாது; தொடர்பு வசதியும் கல்வி வசதியுமற்ற மலைப்பகுதி அவ்வடையாளமாகும் என்பது அதன் தருக்கம். தமிழகம் 1990-களின் பிற்பகுதியில் கிராமப்புற மாணவர்க்கு 15 விழுக்காடும் பின்னர் 25 விழுக்காடும் ஒதுக்கியபோது, அவ்வொதுக்கீடு சென்னை உயர் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. மலைப்பகுதி என்ற, நீதிமன்றம் திறந்தே வைத்த வாயிலைத் தமிழகம் பயன்படுத்தவில்லை. அஞ்செட்டி, தளி மலைச்சிற்றூர்களின் நிலையை நோக்க, இது சிந்திக்கத்தக்கது.

அண்டை மாநிலங்கள் வேறு வழிகளில் சென்றன. ஆந்திரம் அரசமைப்பின் 371-ஈ உறுப்பைக் கொண்டு உள்ளூர்ப் பகுதி ஒதுக்கீட்டைப் பெற்றது. கர்நாடகம் வடகிழக்கு மாவட்டங்களுக்கு 371-ஞ உறுப்பின்வழி அதனைப் பெற்றது. அன்றியும் கிராமப்புறப் பள்ளியில் முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பயின்றோர்க்கு 15 விழுக்காடும், கன்னட வழியில் பயின்றோர்க்கு 5 விழுக்காடும் கிடைநிலை ஒதுக்கீடாக வழங்குகிறது. ஆக, தளியிலிருந்து சில கல் தொலைவிலுள்ள ஆனேக்கல் சிற்றூரின் மாணவர், ஊர், மொழி என்னும் இரு அடிப்படைகளில் சலுகை கோரலாம். தளி மாணவர் அவ்விரண்டின் அடிப்படையிலும் கோர இயலாது. அவர் கோரக்கூடியது, பள்ளி என்ற ஒன்றையே.

தேர்வுமுறையின் மாற்றங்கள்

தமிழகத்தில் 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு அறிமுகமாயிற்று. பன்னிரண்டாம் வகுப்புப் பாட மதிப்பெண்கள் 200-க்கும் நுழைவுத்தேர்வு 100-க்குமாக 300-க்குத் தரவரிசை கணிக்கப்பட்டது. கிராமப்புற மாணவர்க்கு அது இடையூறு என்ற கருத்து வலுப்பெற்று, மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பின் இயற்றப்பட்ட சட்டத்தால் 2007-08 முதல் நுழைவுத்தேர்வு நீங்கியது. அதன்பின் 2016 வரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல்.

அக்காலத்தைப் பொற்காலமாகக் காட்டும் போக்கு நம்மிடையே உண்டு. அது முழுதும் சரியன்று. நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைக் கைவிட்டு இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே பயிற்றுவித்து மருத்துவ இடங்களை அள்ளின. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வைக்க 2017-இல் அரசு முடிவெடுத்ததன் பின்னணிகளுள் அதுவும் ஒன்று. அரசுப்பள்ளி மாணவர் பங்கு அப்போதும் மிகச் சிறிதே. ஆனால் தமிழ்வழி மாணவர்க்கு ஓர் இடம் இருந்தது என்பதையும் மறுக்க இயலாது.

நீட் தேர்வு 2017 முதல் தமிழகத்தில் நடைமுறையாயிற்று. அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 பெற்றும் இடம் கிடைக்காமல் அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று உயிர்நீத்தார். அத்துயரம் இவ்விவாதத்தின் மொழியையே மாற்றியது. நீதிபதி ஏ.கே. இராசன் குழு 2021 சூலையில் அளித்த அறிக்கையின் இரு புள்ளிவிவரங்கள் ஈண்டுக் கருதத்தக்கன. மருத்துவ இடம் பெற்றோருள் தமிழ்வழியில் பயின்றோர் 2016-17-இல் 14.88 விழுக்காடு, 2020-21-இல் 1.99 விழுக்காடு. மீண்டும் தேர்வெழுதி இடம் பெற்றோர் 2016-17-இல் 12.47 விழுக்காடு, 2020-21-இல் 71.42 விழுக்காடு.

இரண்டாம் புள்ளிவிவரம் முதலாவதைவிட ஆழமானது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. பயிற்றுமொழியை ஒரு பள்ளி மாற்றிக்கொள்ளலாம். ஆண்டொன்றைக் காத்திருப்பிற்கு ஒதுக்குவது குடும்பத்தின் வசதியைப் பொறுத்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகனோ மகளோ மறுநாளே தொழிற்சாலை வேலைக்குச் செல்லக்கூடிய ஊர் தளி. ஓசூரின் வாகன ஆலைகளும், கெலமங்கலம் பக்கம் எழுந்துள்ள மின்னணு ஆலையும் இளையோரை ஈர்க்கின்றன. சென்னையில் ஓராண்டு மீள்பயிற்சி என்பது பயிற்சிக் கட்டணம் மட்டும். ஓசூர்ப் பகுதியில் அது கட்டணத்தோடு ஓராண்டு ஊதிய இழப்பும் ஆகும். தொழில்வளர்ச்சி கல்விக்கு என்றும் துணையாகும் என்ற பொது எண்ணம் இவ்விடத்தில் மறுபரிசீலனைக்கு உரியது.

7.5 விழுக்காடு: பள்ளி என்ற அடையாளம்

ஓய்வுபெற்ற நீதிபதி பி. கலையரசன் தலைமையில் 2020-இல் அமைந்த குழு அரசுப்பள்ளி மாணவர்க்கு 10 விழுக்காடு பரிந்துரைத்தது, அரசு 7.5 விழுக்காடு என முடிவு செய்தது. 2020 செப்டம்பரில் சட்டமுன்வடிவு நிறைவேறியது. ஆளுநரின் ஒப்புதல் தாழ்ந்தமையால் அக்டோபர் 29 அன்று அரசாணை வெளியிடப்பட, மறுநாள் ஒப்புதலும் வந்தது. முந்தைய 2019-20 கல்வியாண்டில் இடம் பெற்ற அரசுப்பள்ளி மாணவர் ஆறு பேர் எனக் கூறப்பட்டது. ஒதுக்கீட்டின் முதலாண்டிலேயே அவ்வெண்ணிக்கை முந்நூற்றைக் கடந்தது. தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் பெற்றோர்க்கும் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றது. அக்கட்டண ஏற்பு இல்லையெனில் ஒதுக்கீடு பாதி பயனையே தந்திருக்கும்.

இதன் அமைப்பை விளங்கிக்கொள்வது தேவை. இது சாதிவாரி 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டிற்கு மேல் சேர்வதன்று. அதன் ஒவ்வொரு பிரிவிற்குள்ளும் குறுக்கே ஓடும் கிடைநிலை ஒதுக்கீடு. கிருஷ்ணகிரிக் கல்லூரியின் 127 இடங்களை எடுத்துக்கொண்டால் 7.5 விழுக்காடு என்பது ஒன்பது அல்லது பத்து. அவை பொது, பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தோர் எனப் பிரியும். பழங்குடியினர்க்கான ஒரு விழுக்காட்டை இத்தகைய சிற்றெண்ணில் தேடினால் அது மறைந்தே போகும். மாநிலத் தொகுப்பில்தான் அது உருப்பெறும். இருளர் குடியிருப்பிலிருந்து வரும் மாணவர்க்கு உள்ளூர்க் கல்லூரி கிடைப்பது தற்செயலே.

சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரல் 7 அன்று இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டுக்குள் மறுஆய்வு செய்யவும் கூறியது. 1968-இல் மாவட்டம் ஏற்கப்படவில்லை. பின்னர் கிராமமும் ஏற்கப்படவில்லை. 2022-இல் அரசுப்பள்ளி ஏற்கப்பட்டது. எந்த ஊரில் அரசுப்பள்ளியே பெரும்பான்மையோர்க்கு ஒரே வாய்ப்போ, அங்கு அரசுப்பள்ளி என்ற சொல் ஊரின் பெயரையும் தன்னுள் சுமக்கிறது. தளி ஒன்றியம் அத்தகையது. எனினும் ஓசூர் மாநகராட்சியிலுள்ள பெரிய அரசு மேல்நிலைப்பள்ளியும், பேருந்து நாளுக்குச் சில முறையே செல்லும் மலைச்சிற்றூரிலிருந்து மாணவர் நடந்துவரும் பள்ளியும் இச்சட்டத்தின் பார்வையில் ஒன்றே. மாவட்டந்தோறும் தொடங்கப்பட்ட அரசு மாதிரிப் பள்ளிகளும் அவ்வாறே கணக்கில் சேர்கின்றன. தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்பட்ட மாணவர்க்கு உறைவிட வசதியோடு பயிற்சியளிக்கும் பள்ளியும் சாதாரணப் பள்ளியும் ஒரே ஒதுக்கீட்டில் போட்டியிடும்போது, யார் பயன் மிகுதியாகப் பெறுவர் என்பது ஊகிக்கக் கடினமானதன்று.

எல்லையைக் கடந்தவர்

சட்டம் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப்பள்ளியில் பயின்றிருத்தலைக் கோருகிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் பயின்று பின் அரசுப்பள்ளிக்கு வந்தோர்க்கு மட்டும் விலக்கு உண்டு. எல்லைப்புறக் குடும்பத்தின் வாழ்க்கை இவ்விதிக்குள் அடங்குவது அரிது. தந்தைக்கு அத்திப்பள்ளியில் வேலை கிடைத்து, ஏழாம் வகுப்பை ஆனேக்கல் அரசுப்பள்ளியில் பயின்று திரும்பும் பிள்ளையை எண்ணுக. அவர் பயின்றதும் அரசுப்பள்ளிதான். ஆனால் வேறொரு அரசின் பள்ளி. 7.5 விழுக்காட்டிற்கு அவர் தகுதியிழக்கிறார். பொதுக் கலந்தாய்வில் சேரவும் பிறப்பிடச் சான்றிதழ் தேவைப்படும். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழகத்திலேயே பயின்றவர்க்கு அத்தேவை இல்லை. இரு மாநிலங்களிலும் பிறப்பிட உரிமை கோரவும் இயலாது.

மறுபுறம், கர்நாடகத்தின் சேர்க்கை விதிகளில் ஹொரநாடு கன்னடர், கடிநாடு கன்னடர் என மாநிலத்திற்கு வெளியே வாழும் கன்னடர்க்கான பிரிவுகள் உள்ளன. கன்னடத் தேர்ச்சியை மெய்ப்பித்து அவற்றில் விண்ணப்பிக்கலாம். மாநிலத்திற்கு வெளியே வாழும் தம்மொழியினர்க்குச் சேர்க்கைக் கதவைத் திறப்பது பற்றித் தமிழகம் ஒப்பிட்டு எண்ணிப்பார்க்க இது ஒரு முன்மாதிரி.

மொழி என்னும் மூன்றாம் தடை

தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு, பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. தெலுங்கு, கன்னட, உருது வழிப் பிரிவுகள் உள்ள பள்ளிகள் மிகுந்த இவ்வட்டாரத்தில் இச்சட்டம் விலக்குக் கோரிக்கைகளையும் வழக்குகளையும் தோற்றுவித்தது. 2023-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு மொழிச் சிறுபான்மை மாணவர்க்கு விலக்களித்தது. இவ்விவாதம் முழுவதும் பத்தாம் வகுப்பைப் பற்றியது. அதற்குப் பின் வரும் தேர்வு பற்றி எவரும் பேசுவதில்லை.

நீட் பதின்மூன்று மொழிகளில் நடத்தப்படுகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் அவற்றுள் அடங்கும். கேட்பதற்குத் தளிக்காகவே வகுத்தது போலத் தோன்றும். ஆனால் தேர்வு அறிவிக்கை வட்டார மொழியைத் தேர்வு மையத்தோடு பிணைக்கிறது. தமிழ் வினாத்தாள் தமிழகம் முதலான பகுதிகளின் மையங்களில் கிடைக்கும். தெலுங்கு வினாத்தாள் ஆந்திர, தெலங்கானா மையங்களில். கன்னட வினாத்தாள் கர்நாடக மையங்களில். ஆங்கிலமும் இந்தியும் உருதும் எங்கும் கிடைக்கும். ஆகவே தமிழகத்து அரசுப்பள்ளியில் கன்னட வழியில் பயின்ற தளி மாணவர் தம் மொழியில் தேர்வெழுத வேண்டுமாயின் கர்நாடகத்து மையத்தையும், தெலுங்கு வழியில் பயின்றவர் ஆந்திரத்து மையத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கன்னடத்தாருக்குப் பெங்களூரு அண்மையிலிருப்பது ஆறுதல். தெலுங்கருக்கு அவ்வாறுதலும் முழுமையாக இல்லை. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டு ஓசூரில் குடியேறிய தொழிலாளியின் பிள்ளை உள்ளூர் மையத்திலேயே தம் மொழியில் எழுதலாம் என்பதோடு ஒப்பிட்டால் இதன் முரண் புலப்படும்.

தமிழ்வழி மாணவர்க்கு மையம் அருகில் உண்டு. வினாத்தாளின் தமிழ் வேறு சிக்கல். 2018 தேர்வில் ஏறத்தாழ 24,000 பேர் தமிழில் எழுதினர். நாற்பத்தொன்பது வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தமை சுட்டி டி.கே. ரங்கராசன் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வினாவிற்கு நான்காக 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அவ்வாணையை முதலில் நிறுத்திவைத்துப் பின்னர் நீக்கியது. சிவிங்கிப்புலியின் ஆங்கிலப் பெயர் தமிழாக்கப்படாமல் 'சீத்தா' என்ற ஒலியிலேயே நின்றது அப்பிழைகளுள் பெரிதும் பேசப்பட்டது. தமிழில் அவ்வொலி ஒரு பழத்தையே நினைவூட்டும். எள்ளலுக்குரிய இவ்வெடுத்துக்காட்டின் பின்னால் கலைச்சொல் சிக்கல் ஒன்று உள்ளது. தமிழகப் பாடநூல்களில் பயிலும் கலைச்சொல்லும் தேசியத் தேர்வின் மொழிபெயர்ப்பாளர் ஆளும் கலைச்சொல்லும் ஒன்றாதல் வேண்டும் என்ற ஏற்பாடு அன்று இல்லை. ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே முடிவானது என்ற விதியால், தமிழ் வினாத்தாள் மூலமாகாமல் உரையாகவே நிற்கிறது. 180 வினாக்களை மூன்று மணி நேரத்தில், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் இழப்போடு எழுதும் தேர்வில், இரு மொழி வடிவங்களையும் ஒப்பிட்டுப் படிக்கும் மாணவர் இழப்பது நேரம்.

மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தல் புதிய கனவன்று என்பதும் இவ்விடத்து நினையத்தக்கது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1860-களில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவித்தார். அதற்கெனக் கலைச்சொற்களும் நூல்களும் ஆக்கினார். அதே ஈழத்தில் ஒரு நூற்றாண்டுக்குப் பின் மருத்துவச் சேர்க்கை வேறு திசையில் சென்றது. 1970-களின் தொடக்கத்தில் கொணரப்பட்ட தரப்படுத்தலால், தமிழ்மொழி மாணவர் சிங்களமொழி மாணவரைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றாலன்றி இடமில்லை என்ற நிலை தோன்றியது. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்றும் அங்கு இடங்களின் பெரும்பகுதி மாவட்ட அடிப்படையில் பகிரப்படுகிறது. ஒரே கருவி ஓரிடத்தில் பின்தங்கிய மாவட்டத்தை உயர்த்தவும் அதே கருவி ஓர் இனத்தை ஒதுக்கவும் பயன்படலாம் என்பதற்கு இலங்கை சான்று. மாவட்ட ஒதுக்கீட்டை மீளக் கோருவோர் இதனை மறந்துவிடலாகாது.

மறுஆய்வு கேட்கவேண்டிய வினாக்கள்

நீட் விலக்குக் கோரித் தமிழகச் சட்டமன்றம் 2021-இலும், ஆளுநர் திருப்பியனுப்பியபின் 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றிய சட்டமுன்வடிவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. எனவே அண்மைக் காலத்திற்குச் செயற்படத்தக்கது 7.5 விழுக்காட்டுச் சட்டமும், உயர் நீதிமன்றம் கூறிய ஐந்தாண்டு மறுஆய்வுமே.

அம்மறுஆய்வு மாநிலக் கூட்டுத்தொகையோடு நின்றுவிடின் தளி போன்ற வட்டாரங்கள் மீண்டும் கண்ணுக்குத் தெரியாமற் போகும். இடம் பெற்றோர் எந்த ஒன்றியத்தின் பள்ளியிலிருந்து வந்தனர், மாதிரிப் பள்ளியிலிருந்தா, சாதாரணப் பள்ளியிலிருந்தா, எந்தப் பயிற்றுமொழி, எத்தனையாம் முயற்சி, முதல் தலைமுறைப் பட்டதாரியா என்னும் ஐந்து செய்திகளும் தேர்வுக் குழுவின் விண்ணப்பங்களிலிருந்தும் பள்ளிக் கல்வித் துறையின் பதிவேடுகளிலிருந்தும் திரட்டத்தக்கவையே. பிற மாநில அரசுப்பள்ளியில் ஓரிரு ஆண்டுகள் பயின்று திரும்பியோரை எவ்வாறு நடத்துவது என்பதை எல்லை வட்டங்களுக்கேனும் தனியே வரையறுக்கலாம். கன்னட, தெலுங்கு வினாத்தாள்களை ஓசூர் மையத்திலும் வழங்க வேண்டுமெனத் தேசியத் தேர்வு முகமையிடம் கோருவதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு கடிதமே போதும்.